புளி போட்டுத் தேய்த்த காசுகள்

பாபு,

நீ ஓசூரிலிருந்து அனுப்பிய பொட்டலம் நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தது. கூரியர்க்காரப் பையன் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "இன்னா சார், உள்ள கடகடன்னு சத்தம் வருது, நட்டு போல்ட்டா?" என்று கேட்டான். கிட்டத்தட்ட அதுதான் என்று சொல்லி அனுப்பினேன். மேலே ஒட்டிய பட்டியைக் கத்தரித்து, நீ சுற்றியிருந்த நியூஸ் பேப்பரைப் பிரித்துப் பார்த்தால் பழைய செப்புக் காசுகள். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. 'போனதுக்குப் பதிலா இல்ல, ஆனா கொஞ்சமாவது ஆறுதலா இருக்கும்ப்பா' என்று எழுதியிருந்தாய். சின்ன வயசிலிருந்தே உன் கையெழுத்து கோழி கிளறின மாதிரிதான், அது மாறவேயில்லை. இருந்தாலும் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். உன் மனசு எனக்குத் தெரியும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கப்புறம் நான் எழுதப்போவது எதுவுமே உனக்கு இனிக்காது.

காசுகளைப் பற்றிப் பேசிவிடுவோம். இன்டர்நெட்டில் யாரோ ஒரு புண்ணியவானிடம் வாங்கியிருக்கிறாய். நாயக்கர் காலம், சோழர் காலம் என்று உறை உறையாகப் போட்டு எழுதியிருக்கிறான். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து லென்ஸை எடுத்துப் பார்த்தேன். குதிரை போட்ட காசு இரண்டு இருந்தன அல்லவா, அந்த இரண்டிலும் குதிரையின் வயிற்றுக்குக் கீழே ஒரே இடத்தில் ஒரே மாதிரிப் பள்ளம். பழைய காசு ஒவ்வொன்றும் தனித்தனியாக அடித்துச் செய்தது. ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. இரண்டிலும் ஒரே பள்ளம் இருந்தால் இரண்டும் ஒரே அச்சில் ஊற்றிய சரக்கு. விளிம்பைத் திருப்பினேன். சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு, அச்சின் இரண்டு பாதியும் சேருகிற இடம். அதை அரத்தால் தேய்த்து மறைக்கப் பார்த்திருக்கிறான், பாதியில் அலுத்து விட்டுவிட்டான். ஆவடித் தொழிற்சாலையில் வார்ப்புப் பட்டறையிலேயே ஆயுசைக் கழித்த என்னிடம் இதைக் கொண்டுவந்து காட்டினால் எப்படி? அவன் என் பட்டறையில் வேலை பார்த்திருந்தால் முதல் நாளே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். மேலே பூசியிருக்கிற பச்சை நகத்தால் சுரண்டினாலே வருகிறது. மிச்சத்தில் ஒன்றிரண்டு நல்ல காசு, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்தது, அவற்றை எடுத்து வைத்துக்கொண்டேன். மற்றதைத் திருப்பி அனுப்பிப் பணத்தைக் கேட்டு வாங்கு. ஏமாந்தது தப்பில்லை, ஏமாந்துவிட்டுச் சும்மா இருப்பதுதான் தப்பு.

ஆனால் பாபு, நீ ஆறுதல் அனுப்ப வேண்டிய விலாசம் இது இல்லை. திருநின்றவூரில் ஏரிக்கரைப் பக்கம், உன் மாமனார் வீடு. ரேவதி அங்கே போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நீ அவளுக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை என்று தெரியும். என்னிடம் பேசும்போதும் அவள் பேரை எடுத்தாலே, "டூட்டி இருக்குப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டாலும் அது மேஜையிலேயே கிடக்கும், நீ எப்படியும் எடுத்துப் படிப்பாய். விஷயம் இதுதான்: வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் மாமனார் ஒரு குட்டி யானை சரக்கு வண்டி பேசிக்கொண்டு நம் வீட்டுக்கு வருவதாக இருந்தார். கல்யாணத்துக்குக் கொடுத்த பீரோ, கட்டில், பாத்திரம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போக. பாத்திரம் வாசலைத் தாண்டிப் போய்விட்டால் அப்புறம் பேச என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியும். நான் அவரிடம் ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் தவணை வாங்கியிருக்கிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்தது என்று நீ நினைப்பாய். பாதிதான் தெரியும்.

நான் காசு சேர்க்க ஆரம்பித்தது அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்தில் இருந்த ஒரு காயலான் கடையில். பட்டறைக்குச் செம்புக் கழிவு எங்கே கிடைக்கும் என்று பார்க்கப் போனவன், ஒடிந்த குழாயும் மோட்டார் கம்பியும் கிடந்த குவியலில் பச்சையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். எடுத்தால் காசு. ஒரு பக்கம் நின்றுகொண்டிருக்கிற ஆள், இன்னொரு பக்கம் உட்கார்ந்திருக்கிற ஆள். கடைக்காரர், "அது இன்னா சார் செல்லாக் காசு, எடுத்துக்கினு போ, எட போட்டாகூட தேறாது" என்றார். அது ராஜராஜன் காலத்துக் காசு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதன்பின் சனிக்கிழமையானால் எனக்கு அந்தக் குவியல்தான். உன் அம்மா, "ஊர்ல அவனவன் தங்கம் சேக்கறான், நீ களிம்பு சேக்கற" என்பாள். அவள் அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவள், அவள் வாய்க்கு நான் ஒருநாளும் ஈடு கொடுத்ததில்லை. வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு அவள் பேசுவதில் பாதி புரியவே ஒரு வருஷம் ஆயிற்று.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு விஷயம் நடந்தது, உனக்குத் தெரியாது. ஒரு பிரதோஷத்தன்று உன்னைத் தூக்கிக்கொண்டு திருமுல்லைவாயில் கோயிலுக்குப் போயிருந்தோம். போகிற அவசரத்தில் என் சட்டைப் பையிலிருந்த சில்லறையை அள்ளிக்கொண்டு போய் அவள் உண்டியலில் போட்டுவிட்டாள். அதற்குள் அன்று காலையில்தான் கிடைத்த ஆற்காடு நவாப் காசு ஒன்று இருந்தது. வீட்டுக்கு வந்து தேடிவிட்டு, விஷயம் தெரிந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் கோயில் ஆபீசுக்கே போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "சாமிக்குப் போட்டத திருப்பிக் கேக்கறியே, ஒனக்கே நல்லாருக்கா?" என்றார். திரும்பி வந்து உன் அம்மாவிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவள் ஒரே கேள்விதான் கேட்டாள். "சட்டப் பையில கீற காசு செலவுக்குன்னுதான் நெனப்பேன். இது வேற காசுன்னு நீ எப்ப சொன்ன? ஒரு வாட்டியாவது சொன்னியா?" நான் சொல்லியிருக்கவில்லை. அன்றைக்குத்தான் முதல் முறையாக அவளை உட்கார வைத்துச் சொன்னேன்: இந்தப் பச்சைதான் காசின் தோல், மண்ணுக்கடியில் எத்தனையோ வருஷம் கிடந்து வந்த தோல், இதை உரித்துவிட்டால் காசுக்கு மதிப்பே கிடையாது, சேகரிப்பவன் எவனும் கையால் தொடமாட்டான். "அப்ப தேய்க்கக் கூடாதுன்ற" என்றாள். "தேய்க்கவே கூடாது" என்றேன். அவ்வளவுதான். அதன்பின் கடைசிவரை வீட்டில் இருக்கிற பித்தளை, செம்பு எல்லாவற்றையும் போகிக்குப் போகி அவள் தேய்ப்பாள், ஷோகேஸில் இருக்கிற என் காசுப் பெட்டியை மட்டும் தூசி தட்டிவிட்டு அப்படியே வைத்துவிடுவாள்.

நம் வீட்டில் சட்டம் என்று எழுதி வைக்காமலே சட்டமாகிப்போனது அது. நீ அதற்குள்ளேயே வளர்ந்தவன். சுவரில் மோதக்கூடாது என்று யாரும் உனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் ரேவதி போன ஆவணியில் வந்தவள். அவளுக்கு அதை யார் சொன்னது? நான் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆள் மாலை போட்ட படத்துக்குள் இருக்கிறாள்.

உன் அம்மா போனபிறகு இந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிற போகியே வரவில்லை, கவனித்தாயா? நாம் இரண்டு ஆம்பளைகள், குக்கரும் இரண்டு எவர்சில்வர் தட்டும் போதும் என்று ஓட்டினோம். அவளுடைய செப்புக் குடம், பூஜைக்கு வைக்கிற சொம்பு, தூண்டாமணி விளக்கு எல்லாம் பரண்மேல் கறுத்துப்போய்க் கிடந்தன. எடுத்தால் அழுகை வரும் என்று நான் எடுக்கவில்லை. இதை உன்னிடம் எப்போதும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

போகியன்று மத்தியானம் நான் ஆவடி மார்க்கெட்டுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கப் போய்விட்டேன். நீ டபுள் ஷிப்டில் இருந்தாய். ரேவதிக்கு அது தலைப்பொங்கல். மறுநாள் காலை அவள் அப்பா அம்மா சீர் வரிசையோடு வருகிறார்கள். மாமியார் இல்லாத வீட்டில் தம் பெண் எப்படிக் குடும்பம் நடத்துகிறாள் என்று பார்க்கத்தான் பெற்றவர்கள் வருவார்கள், எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். அவள் ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறி எல்லாவற்றையும் இறக்கியிருக்கிறாள். புளியும் உப்பும் கரைத்து, கம்பி நாரை வைத்து ஒவ்வொன்றாகத் தேய்த்திருக்கிறாள். அப்படியே ஷோகேஸில் பச்சை பிடித்துக் கிடந்த காசுகளும் அவள் கண்ணில் பட்டன. வீடெல்லாம் பளிச்சென்று இருக்கும்போது டிவிக்குப் பக்கத்திலேயே களிம்பு ஏறிய ஒரு பெட்டி. எந்த மருமகளுக்குக் கை சும்மா இருக்கும்?

பொங்கலன்று காலை உனக்கே நினைவிருக்கும். நீ ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு நின்றாய். சம்பந்தி வீட்டார் கரும்பும் பானையும் தட்டுமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். ரேவதி உள்ளேயிருந்து ஒரு தட்டில் காசுகளைப் பரப்பி, மஞ்சள் துணி போட்டு மூடிக் கொண்டுவந்தாள். "மாமா, கண்ண மூடிக்கோங்க" என்றாள். அப்புறம் துணியை எடுத்தாள். ஒவ்வொரு காசும் அன்றைக்குத்தான் கடையில் வாங்கின பொத்தான் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. அடுத்த நொடியில் நீ கத்தினாய். "அறிவு கீதாடி உனக்கு? எங்கப்பா உசுருடி இது. யாரக் கேட்டுடி கைய வச்ச?" என்றாய். அவள் பெற்றோர் முன்னால். அவர்கள் கொண்டுவந்த பானை இன்னும் அடுப்பில்கூட ஏறவில்லை.

யாரைக் கேட்டு என்று நீ கேட்டபோது அவள் உன்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு அது அப்போது புரியவில்லை. வாயைத் திறக்காமல் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நானும் வாயைத் திறக்கவில்லை. உன் மாமனார் என் முகத்தைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன் என்று. நான் மரம் மாதிரி நின்றேன். என் மௌனத்தை அவர் கோபம் என்று எடுத்துக்கொண்டார், நீயும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாய், அதனால் இன்னும் இரண்டு வார்த்தை கூடுதலாகக் கத்தினாய். பொங்கல் பொங்கியது, யாரும் சாப்பிடவில்லை. அவர்கள் கிளம்பும்போது மகளையும் அழைத்துக்கொண்டு போனார்கள். அந்த வாரமே நீ ஓசூருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாய்.

நான் ஏன் பேசவில்லை என்று இப்போது சொல்கிறேன். நான் காசுகளைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அந்தத் தட்டுக்குப் பின்னால், பூஜை அலமாரியில், உன் அம்மாவின் சொம்பு இருந்தது. தேய்த்துக் கழுவி, குங்குமம் வைத்து, மாவிலை சொருகி. செம்பு அந்த நிறத்தில் மின்னி நான் எத்தனை வருஷமாகப் பார்க்கவில்லை. அடுக்களையிலிருந்து அவள் கையைத் துடைத்துக்கொண்டு வரப்போகிறாள் என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்துவிட்டேன் பாபு. எனக்குக் காசும் பெரிதாகத் தெரியவில்லை, நீ கத்தினது காதில் விழுந்தும் மனசில் ஏறவில்லை. சுதாரித்துக்கொண்டு பார்த்தபோது வாசலில் சம்பந்தி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது நன்றி. அதைச் சொல்லாமல் விட்டேன். அது என் பங்கு.

என் பங்கை நான் போன வாரம் போய் முடித்துவிட்டேன். ரயிலேறித் திருநின்றவூர் போனேன். உன் மாமனார் கதவைத் திறந்தார், உள்ளே வா என்று சொல்லவில்லை. "இன்னா சம்பந்தி, எம் பொண்ணு திருடிட்டாளா, இன்னா பண்ணிட்டா? அயுக்கா இருந்தத தேய்ச்சி வச்சா. அதுக்கு ஒரு ஊட்டு மாப்ள அந்தப் பேச்சு பேசுவாரா? நீயும் பாத்துகினு நின்ன" என்றார். நான், "நின்னது தப்புதான், அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டேன். என் வயசுக்கு அது ஒன்றும் குறைச்சலில்லை, மனசு லேசாகத்தான் இருந்தது. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ரேவதி டீ கொண்டுவந்தாள். இளைத்துப்போயிருந்தாள். சொம்பைப் பற்றிச் சொன்னேன், உன் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காசு கெட்டுப்போயிடும்னு சத்தியமா தெரியாது மாமா" என்றாள். அப்போதுதான் உன் மாமியார் சமையலறையிலிருந்து வந்தார். "அவ சொல்ல மாட்டா, நான் சொல்றேன். உங்க புள்ளயக் கேட்டுட்டுத்தான் தேய்ச்சுது. அன்னிக்கு சாயங்காலமே எங்கிட்ட போன்ல சொல்லுச்சி. மாமா காசெல்லாம் களிம்பேறி கீது, தேய்ச்சிடவான்னு அவரக் கேட்டேன்மா, ம்ம், தேய்ச்சிடுன்னாரு, மாமா பாத்தா அசந்துடுவாருன்னு அப்டி ஒரு சந்தோசமா சொல்லுச்சி" என்றார். ரேவதி, "சும்மா இரும்மா" என்று அதட்டினாள். என் பக்கம் திரும்பி, "வேலை நேரத்துல போன்ல கேட்டேன் மாமா, காதுல சரியா வுழுந்திருக்காது. அவரு சொன்னாருன்னு இப்ப சொல்லி இன்னா ஆவப்போவுது? நான் சொன்னேன்னு அவருகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள்.

உன்னிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் சரி என்று தலையாட்டவில்லை, அதனால் வாக்கு தவறியதாக ஆகாது.

அந்த 'ம்ம்' உனக்கு நினைவிருக்கிறதா, இல்லையா என்று நான் கேட்கப்போவதில்லை. பட்டறைச் சத்தத்தில் நின்றுகொண்டு உன் அம்மாவின் கேள்விகளுக்கு நானும் எத்தனையோ 'ம்ம்' போட்டிருக்கிறேன். ஒருமுறை அப்படிப் போட்டதில் வீட்டுக்கு ஊதா நிறம் அடித்துவிட்டாள், தெரியுமல்லவா, ஐந்து வருஷம் அதற்குள்ளேயே இருந்தோம். கேட்காமல் சரி சொல்வது ஆம்பளைகளின் வழக்கம், அதற்காக யாரும் யாரையும் தூக்கில் போடமாட்டார்கள். ஆனால் "யாரைக் கேட்டு" என்று நீ கத்தினபோது அவள் ஒரே வார்த்தையில் உன்னைத் தலைகுனிய வைத்திருக்கலாம். அவள் அப்பா அம்மா முன்னால், என் முன்னால். 'உங்களத்தான் கேட்டேன்' என்று சொல்லியிருந்தால் கதை முடிந்தது. அவள் சொல்லவில்லை. பழியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறாள், இன்னமும் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. இப்படி ஒருத்தியை நான் எந்தக் குவியலில் தேடி உனக்குக் கொண்டுவர முடியும்?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள். அப்பாவின் உயிர் என்று கத்தினாயே, இத்தனை வருஷத்தில் நீ என் காசு ஒன்றையாவது கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறாயா? அன்று டீ குடித்துக்கொண்டே ரேவதியிடம் பேச்சுக் கொடுத்தேன். "ஒரு குட்டிக் காசுல மயில் இருந்துச்சி மாமா, தோகைய இப்டி வச்சிகினு. இன்னொண்ணுல குதிர, பின்னால தமிழ் எழுத்து, ஸ்ரீன்னு மட்டும் படிக்க முடிஞ்சுது" என்கிறாள். எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று தெரியாமல் போய்விடக்கூடாது என்று இருந்த வரிசையிலேயே எடுத்துத் தேய்த்து, அதே வரிசையில் திருப்பி வைத்திருக்கிறாள். என் காசுகளை இரண்டு பக்கமும் பார்த்த ஆள் நம் குடும்பத்தில் என்னைத் தவிர அவள் ஒருத்திதான். நீ என் பேரைச் சொல்லிக் கோபப்பட்டாய். கோபப்பட வேண்டியவன் நான், எனக்கு வரவில்லை. எனக்கு வராத கோபத்தை நீ ஏன் தூக்கிக்கொண்டு ஓசூர் வரைக்கும் போனாய்? அதை இறக்கி வை.

காசுகள் என்ன ஆயின என்று உனக்குக் கவலை இருக்கும். காசு சேர்ப்பவர்கள் சங்கத்து நண்பர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்ததும், "போச்சு சார், இனிமே இத எவனும் வாங்க மாட்டான்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். உண்மைதான். கம்பி நார் பட்டதில் சில எழுத்துகள் மழுங்கிவிட்டன, அவை திரும்பி வராது. எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். அந்த மயில் காசை இரண்டு நாள் பார்க்காமலே இருந்தேன். ஆனால் நான் விற்கிறதற்காகச் சேர்க்கவில்லை, ஆகவே வாங்க ஆள் இல்லை என்பது எனக்கு ஒரு நஷ்டமில்லை. எல்லாவற்றையும் நன்றாக ஈரம் போகத் துடைத்துப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். தினமும் காபி குடித்த கையோடு ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தடவிவிட்டு வைக்கிறேன். கண்ணைப் பறிக்கிற பளபளப்பு அடங்கி, கருப்பட்டி நிறம் வர ஆரம்பித்திருக்கிறது. பழைய பச்சை என் காலத்தில் வராது. இந்த நிறமும் எனக்குப் பிடித்திருக்கிறது. காயலான் கடைக்கும் போய் வந்தேன். பழையவருடைய மகன் இப்போது கல்லாவில் இருக்கிறான், "இன்னா நைனா, ரொம்ப நாளா காணோம்" என்றான். குவியலைக் கிளறிவிட்டுத்தான் வந்தேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். என்னைச் சாக்கு வைக்காதே.

இனி ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் பஸ் ஏறு. விடிகாலையில் பூந்தமல்லியில் இறங்கினால் ஆவடிக்குப் பஸ் கிடைக்கும், அங்கிருந்து ரயில். நம் வீட்டுக்கு வராதே, எனக்காகத் திருமுல்லைவாயில் பக்கம் திரும்பாதே. நேராகத் திருநின்றவூர் போ. ஸ்டேஷன் வாசலில் பூக்காரம்மா இருப்பாள், மல்லி வாங்கிக்கொள், முழம் கணக்குப் பார்க்காதே. பழம் வாங்கு. காசு வாங்காதே, இந்த விஷயத்தில் உன் கைராசி எனக்குத் தெரிந்துவிட்டது.

அங்கே போனதும் ரேவதியைத் தனியாகக் கூப்பிட்டு மாடிப்படியில் வைத்துக் குசுகுசுவென்று மன்னிப்புக் கேட்கலாம் என்று உனக்குத் தோன்றும். உன்னைப் பெற்றவன் எனக்குத் தெரியாதா? அது கூடாது. அவளை நீ கூடத்தில் வைத்துக் கத்தினாய். அவள் அப்பா இருந்தார், அம்மா இருந்தார். அதே மாதிரி கூடத்தில், அதே ஆட்கள் முன்னால் நின்று, 'அவள் என்னைக் கேட்டாள், நான்தான் தேய்க்கச் சொன்னேன்' என்று சொல். அதற்கு முன்னால் ஒரு ஆனால், பின்னால் ஒரு ஆனால் எதுவும் வேண்டாம். உன் மாமனார் இரண்டு வார்த்தை பேசுவார், பேசட்டும், பெண்ணைப் பெற்றவர். ரேவதி உடனே எழுந்து உன்கூட வந்துவிடுவாள் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். அது அவள் இஷ்டம், வருகிற வரைக்கும் ஞாயிற்றுக்கு ஞாயிறு பூவோடு போய் நிற்பது உன் வேலை. ஆனால் நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தவன், எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

நீ வராவிட்டால் சாயங்காலம் அந்த வண்டி நம் வாசலுக்கு வரும். பாத்திரங்களை ஏற்ற அவர்களுக்கு ஆள் வேண்டாம், நானே என் கையால் ஏற்றிவிடுவேன். உன் அம்மாவின் சொம்பையும் அதோடு வைத்து அனுப்பிவிடுவேன், தேய்த்துப் பூஜையில் வைத்தவளுக்குத்தான் அது சேர வேண்டும். இதை உன்னை மிரட்டுவதற்காக எழுதவில்லை, செய்யப்போவதைச் சொல்கிறேன்.

சம்பந்தியிடம் நான் ஞாயிறு காலை வருவதாகச் சொல்லியிருக்கிறேன். உனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருப்பேன், ஆனால் உனக்காக ஒரு வார்த்தை பேசமாட்டேன். எனக்கு இப்போதெல்லாம் இடது காது கொஞ்சம் மந்தம். பொங்கலன்று நீ கத்தினது தெருக்கோடி வரைக்கும் கேட்டதாம், எதிர்வீட்டுக்காரர் சொன்னார். அதே சத்தத்தில் சொல்லு.

அப்பா